கழுத்தைப் பார்த்து எழுதியது

நவம்பர் 10, திங்கள்

ஆஸ்பத்திரியில் ரெஜினா சிஸ்டர், "தினமும் அவரு கழுத்தப் பாத்து ரெண்டு வரி எழுதி வைங்கம்மா. எழுதத் தெரியும்ல?" என்று கேட்டார். கேட்ட கேள்வியைப் பாருங்கள். நான் அஞ்சாம் வகுப்பு, அதிலும் இரண்டாவது ரேங்க். ஆறாம் வகுப்புக்கு அடுத்த ஊருக்குப் போகணும் என்பதால் நிறுத்தினார்கள். மண்டையில் இடமில்லாமல் நிறுத்தவில்லை. வரும் வழியிலேயே கோடு போட்ட நோட்டு வாங்கிவிட்டேன்.

இன்று முதல் நாள். மொத்தம் முப்பத்து மூன்று. சனி ஞாயிறு லீவு. இவர் தொண்டைக்குள் பட்டாணி அளவில் ஒன்று இருக்கிறது. அதன் பேரை இந்த நோட்டில் எழுத மாட்டேன். டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: நடுவில் நிற்கக் கூடாது. கரண்டு வைப்பதை நாலு நாள் நிறுத்தினால் அது மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி வளருமாம். கழுத்துத் தோல் வெந்து புண்ணாகிப் பரவினால்தான் நிறுத்தும்படி ஆகும். ஆகவே தோலைக் காவல் காக்க வேண்டியது நான்.

உள்ளே ஒரு வலை முகமூடியை மாட்டி மேஜையோடு சேர்த்துப் பூட்டினார்களாம். எப்படி இருந்தது என்றேன். "நாப்பத்தி நாலு வருசமா ஒன்னால முடியாத வேலை. பத்து நிமிசம் என்னப் பேச விடாம வச்சிருந்தாங்க" என்றார், அந்தக் கரகர குரலில்.

கழுத்து: நன்றாக இருக்கிறது. கறுப்பு, சுருக்கம், இடது பக்கம் ஒரு மச்சம்.

நவம்பர் 11, செவ்வாய்

திருமங்கலத்தில் ஏழு மணி பஸ். இவர் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். பஸ் திருப்பரங்குன்றம் தாண்டும்போது எனக்கு ஒரு சின்ன வேலை இருந்தது, செய்தேன். அது நோட்டுக்குத் தேவையில்லை.

கழுத்து: நேற்று மாதிரியே.

நவம்பர் 12, புதன்

சிஸ்டர் இவரை உட்கார வைத்துச் சட்டம் படித்தார். கழுத்தில் பிளேடு படக் கூடாது, தாடி வளர்ந்தால் கத்தரியால் வெட்டலாம். சோப்பு, பவுடர் வேண்டாம். வெந்நீர் கூடவே கூடாது, பச்சைத் தண்ணீர்தான். காரம் கூடாது. பீடியை மறந்துவிட வேண்டும். பேச்சைக் குறைக்க வேண்டும். சட்டைக் காலர் உரசாமல் பருத்தித் துண்டைத் தளர்வாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கல்யாணத்தன்றும், அவர் அப்பா செத்த அன்றும், காலையில் முகம் மழிக்காமல் வெளியே வராத மனுஷன். "தேதிய எழுதிக்க பூரணம். அறவாழி தோத்த நாள்" என்றார்.

எழுதிவிட்டேன்.

குன்றம் தாண்டும்போது வழக்கமான வேலை.

நவம்பர் 14, வெள்ளி

ஐந்து முடிந்தது. கழுத்தில் ஒன்றுமே இல்லை. பேத்தி இளவெயினி சென்னையிலிருந்து போன் செய்து, "அப்பத்தா, தினமும் போட்டோ எடுத்து அனுப்பு" என்றாள். எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு, பேர் வைத்தது இவர், மூளை வந்தது என் பக்கம். நான் எழுதுவதே போட்டோ மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் தெரிந்தது மகன் வீட்டுக்கும் எங்களுக்கும் மட்டும். தெருவில் மூச்சு விடக் கூடாது என்று இவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சத்தியம் என்று சொன்னால் கோபம் வரும், உறுதிமொழி.

காரணமும் சொன்னார். "நாப்பது வருசமா மேடை போட்டு சாமி இல்லன்னு பேசின தொண்டை. இதுல போயி இது வந்திருக்குன்னா தெருவே தீர்ப்புச் சொல்லிரும். சாகறதுகூடப் பரவால்ல பூரணம். இவனுங்களுக்கு ஒரு கதையக் குடுத்துட்டுச் சாகறதுதான் பிடிக்கல."

வழக்கமான வேலை.

நவம்பர் 19, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதாவிட்டால் கை அரிக்கும்.

நான் அரைத்து விற்கிற இட்லி மாவு வாங்க, சாயங்காலம் எதிர்வீட்டு அழகுமீனா வந்தாள். தூக்குவாளியைக் கீழே வைக்காமல் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, அண்ணே மாலை போட்டிருக்காரா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள் என்பது உறைத்தது. அவள் பக்கமிருந்து பார்த்தேன். விடிவதற்குள் பச்சைத் தண்ணீர்க் குளியல். தாடி. பீடி இல்லை. கறிக்கடைப் பக்கம் போகவில்லை. வாய் திறப்பதில்லை. கழுத்தை மூடித் துண்டு. கறுப்புச் சட்டை, அது நாற்பது வருஷமாகப் போடுவதுதான், யார் கணக்கில் வைக்கிறார்கள்?

"கார்த்திகை மாசமாச்சே மீனா" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? கார்த்திகை மாசம்தானே.

"எங்க அவரு அன்னைக்கே சொன்னாரு, இம்புட்டுத் திட்டறவருக்குத்தான் ஒரு நா சாமி மேல ஆச வரும்னு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். அவள் வீட்டுக்காரர் சோணைமுத்து இந்த வட்டாரத்துக்கே குருசாமி. பதினெட்டு வருஷமாக சபரிமலைக்கு ஆள் கூட்டிப் போகிறவர்.

இவரிடம் சொல்லவில்லை.

கழுத்து: ஒன்றுமில்லை.

நவம்பர் 21, வெள்ளி

பத்து முடிந்தது. பஸ் ஸ்டாப்பில் சோணைமுத்து ஓடி வந்து இவர் காலில் விழுந்துவிட்டார். "சாமி சரணம்! கன்னிசாமி, ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி!" முதல் தடவை மாலை போடுகிறவர் கன்னிசாமியாம். அறுபத்தெட்டு வயதில் இவர் கன்னியாகிவிட்டார்.

இவர் என்னைப் பார்த்த பார்வைக்குப் பஸ்ஸே பற்றி எரிந்திருக்கணும். ஆனால் மறுத்துப் பேசினால் தாடிக்குக் காரணம் சொல்லணும். பேசாமல் ஏறி உட்கார்ந்தார். குன்றம் வரைக்கும் தூங்கவில்லை. அப்புறம் தூங்கினார். வழக்கமான வேலை.

இறங்கும்போது, "நீதான பரப்பிவிட்ட?" என்றார்.

"நான் கார்த்திகை மாசம்னு மட்டுந்தாங்க சொன்னேன்."

"பகுத்தறிவுவாதி ஒருத்தன ஒரே வாக்கியத்துல கொன்னுட்டியே பாவி."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவரும் அப்படித்தான் கடித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 26, புதன்

பதின்மூன்று. கழுத்து: கறுப்புக்குள் ஒரு செம்பு நிறம். தொட்டால் சூடு. அரிக்கிறது என்கிறார்.

ரெஜினா சிஸ்டரைப் பிடித்தேன். "கரண்டைக் கூட்டிட்டீங்களா?"

"இல்லம்மா. முதல் நாள் வச்ச அளவுதான். முப்பத்தி மூணு நாளும் அதே அளவுதான்."

"அப்ப பத்து நாளா சும்மா இருந்த தோலு இன்னைக்கு ஏன் செவக்குது?"

பாவம், பொறுமையாகச் சொன்னார். தோலுக்கு அடியில் புதுத்தோல் ஊறிக்கொண்டே இருக்குமாம். மேல்தோல் உதிர உதிர அடித்தோல் மேலே வரும். கரண்டு போய் அடிப்பது அடியில் ஊறுகிற இடத்தை. ஆனால் மேலே ஏற்கெனவே வந்த தோல் இரண்டு வாரத்துக்கு இருக்கும். அது தீர்கிறவரை வெளியே ஒன்றும் தெரியாது. தீர்ந்த பிறகு அதே அளவு கரண்டு இரண்டு பங்காய் உறைக்கும்.

"அதாவது கிரைண்டர் ரிப்பேரு" என்றேன். "ஆனா டிரம்முல மாவு இருக்கு. ரெண்டு நாளைக்கு யாவாரம் நடக்கும். வாசல்ல நிக்கறவளுக்கு ஒண்ணும் தெரியாது. மூணாம் நாளு வெறும் டிரம்மு."

சிஸ்டர் என்னையே பார்த்தார். "இத நான் டாக்டர்ட்ட சொல்லட்டுமா?"

தாராளமாகச் சொல்லுங்கள் என்றேன். இரண்டாவது ரேங்க் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

நவம்பர் 28, வெள்ளி

பதினைந்து. தாடி வெட்டக் கத்தரியோடு உட்கார்ந்தேன். தாடைக்குக் கீழே முடியே இல்லை. துண்டில் உதிர்ந்து கிடந்தது. மேலே தாடி, கீழே மொழுமொழு. "பாதி சாமி, பாதி ஆசாமி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. விழுங்கும்போது வலிக்கிறதாம். ரசம் சாதத்தை மிக்ஸியில் அடித்துக் கொடுத்தேன். எடை ஐம்பத்தைந்து. ஆரம்பிக்கும்போது ஐம்பத்தெட்டு.

டிசம்பர் 3, புதன்

தெரு முழுக்கத் தீப விளக்கு. அழகுமீனா எங்கள் வாசலிலும் நாலு வைத்துவிட்டுப் போனாள், சாமி வீடு என்று. இவர் சன்னல் வழியாகப் பார்த்தார். அணைக்கச் சொல்லவில்லை. குரல் இல்லை.

கழுத்து: கரிய நிறம். வெயிலில் கிடந்த தோல்பை மாதிரி. வழக்கமான வேலை, மெதுவாக.

டிசம்பர் 8, திங்கள்

இருபத்தொன்று. தோல் பொடிப்பொடியாய் உரிகிறது. பேசுவது இப்போது காற்றோடு சரி. சொல்வதை எழுதிக் காட்டுகிறார். ஒரு சீட்டில், "குருசாமி காலையில் மூன்று தடவை சரணம் சொல்லிவிட்டான். தடுக்க ஆளில்லை என்று துணிச்சல்" என்று இருந்தது. பல் தேய்க்கும் நேரம் முழுக்க நான் சிரித்தேன்.

டிசம்பர் 11, வியாழன்

கழுத்து: வலது பக்க மடிப்பில் தோல் வழன்று ஈரம் கசிகிறது. பத்து ரூபாய் நாணயம் அளவு.



டிசம்பர் 12, வெள்ளி

இருபத்தைந்து. டாக்டரே வந்து பார்த்தார். "இது இந்த அளவோட நின்னா ஓட்டிரலாம். திங்கட்கிழமை பெருசா இருந்தா கொஞ்ச நாள் நிறுத்தித்தான் ஆகணும்" என்றார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

பிறகு, "கிரைண்டர் கதை சொன்னது நீங்கதானா? எழுதறீங்களாமே, காட்டுங்க" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். டாக்டருக்குத் தமிழ் படிக்கக் கொஞ்சம் தடுமாற்றம். சிஸ்டரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்.

சிஸ்டர் வாசித்தார். தேதி, கழுத்து, எடை. டாக்டர் தலையை ஆட்டி, "பிரமாதம்" என்றார். நான் புடவையைச் சரி பண்ணிக்கொண்டேன்.

"அம்மா, இது என்ன, 'குன்றம் தாண்டும்போது வழக்கமான வேலை'? பக்கத்துக்குப் பக்கம் இருக்கே?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நோட்டைப் பிடுங்கவா முடியும்?

"ஒண்ணுமில்ல சிஸ்டர். சும்மா."

"கழுத்துல எதுவும் தடவறீங்களா?"

பதிலை இவர் சொன்னார். காற்றுக் குரலில், ஒவ்வொரு வார்த்தையாக: "திருநீறு. தினமும். நான் தூங்கறேன்னு நெனச்சுக்கிட்டு."

முதல் நாளிலிருந்தே தெரியுமாம்.

சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இந்தப் புண்ணு இதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. மடிப்புல எல்லாருக்கும் வரும். ஆனா பொடியும் கூடாது, தேய்க்கவும் கூடாது. இப்ப இருக்கற தோலு ஒரு விரலு உரசலைக்கூடத் தாங்காது" என்றார். ஒட்டாத மெல்லிய துணி ஒன்றும் களிம்பும் கொடுத்தார், கரண்டு வைத்து முடிந்த பிறகு போட.

பஸ்ஸில் அவரிடம், "தெரிஞ்சும் ஏன் விட்டீங்க?" என்றேன். சீட்டில் எழுதினார்: "எனக்கு வைத்தியம் டாக்டர் பார்க்கிறார். உனக்கு யார் பார்ப்பது?"

டிசம்பர் 13, சனி

துணியை எடுத்துப் பார்த்தேன். அதே அளவு. வெறும் தண்ணீர் விட்டுக் கழுவி மூடினேன்.

இந்த நோட்டு இனி யாரிடமும் போகாது. அதனால் எழுதலாம்.

போன ஆடியில், அம்மன் கோவிலில் கூழ் ஊற்றும் அன்று மைக் போட்டுப் பேசிவிட்டு வந்தார். ஊரே என்னைப் பிடித்துக் கேட்டது. கோபத்தில், "இந்த வாய ஒரு நா அவ அடைப்பா பாருங்க" என்று சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு, இவர் முகத்துக்கு நேராக. ஆவணியில் குரல் கம்மியது.

தெரு தீர்ப்புச் சொல்லும் என்று இவர் பயப்படுகிறார். தெருவுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டவள் வீட்டுக்குள் இட்லி சுட்டுக்கொண்டிருக்கிறாள். திருநீறு வைத்து, நான் சொன்னதை வாபஸ் வாங்கப் பார்த்தேன். அந்தக் கையே தோலை உரித்ததோ என்னவோ.

டிசம்பர் 14, ஞாயிறு

அதே அளவு. ஓரம் காய்ந்த மாதிரி இருக்கிறது. என் ஆசைக்கு அப்படித் தெரிகிறதா என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

டிசம்பர் 15, திங்கள்

பஸ் குன்றம் தாண்டியது. என் இரண்டு கையும் மடியில் இருந்தன. இவர் தூங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "என்னய என்ன பார்வ? மலையப் பாருங்க" என்றேன்.

டாக்டர் துணியை விலக்கினார். நாணயம் அளவுதான், பரவவில்லை. "ஏத்துங்க" என்றார். முகமூடியை மாட்ட உள்ளே கூட்டிப் போனார்கள். இருபத்தாறு.

டாக்டர் சொன்னார், அடியில் மிச்சமிருக்கிற தோல் இப்போது விழித்துக்கொண்டு இரண்டு மடங்கு வேகமாய் வேலை செய்யுமாம், கரண்டு வைக்க வைக்கவே. சிஸ்டர் சொல்வதற்கு முன்னால் நானே சொன்னேன்: "மிச்சமிருக்கற ஒரு கிரைண்டரு ரெண்டு ஷிப்டு ஓடுது." பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பத்துக்காரம்மா, "எங்க வீட்டுக்காரருக்கும் ஓடுமா?" என்று கேட்டாள். ஓடும் என்றேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

மூன்று பாக்கி.

காலையில் சோணைமுத்து நோட்டும் பேனாவுமாக வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். ஜனவரி இரண்டாம் தேதி பஸ் கிளம்புகிறது, இருமுடி கட்ட ஆள் கணக்கு எடுக்கிறார். "கன்னிசாமிக்கு முன் சீட்டு போட்டிருக்கேன் மதினி. சாமி, மாலைய ஒரு தடவ கண்ணுல காட்டுங்க. எந்தக் குருசாமி போட்டுவிட்டதுன்னு ஊர்ல கேக்குறாங்க."

நான் மாவுக்குள் கையை விட்டபடி நின்றேன். கார்த்திகை போய் மார்கழி வந்துவிட்டது. அந்த வாக்கியம் இனிச் செல்லாது.

இவர் எழுந்தார். துண்டை எடுத்துவிட்டார். கரிந்து, உரிந்து, ஒரு பக்கம் துணி ஒட்டிய கழுத்தை வெளிச்சத்துக்குக் காட்டினார்.

"போட்டுவிட்டது டாக்டரு" என்றார்.

சோணைமுத்து கழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை மூடினார். தீர்ப்பு வரும் என்று நான் காத்திருந்தேன்.

"எத்தனாவது அண்ணே?"

"முப்பது முடிஞ்சது."

"எங்கம்மாவுக்கும் வச்சாங்க. கர்ப்பப்பையில. இருபத்தி ரெண்டோட நிறுத்திருச்சு, எரிச்சல் தாங்கல, போதும்டான்னு." மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "வெள்ளி செவ்வா வெரதம் விடாத பொம்பள அண்ணே. அடுத்தவங்கள ஒரு வார்த்த அதட்டிப் பேசாது. நீங்க நிறுத்திராதீங்க."

வாசல்வரை போனவர் என் பக்கம் குனிந்து, "மதினி, இருமுடில ஒரு தேங்கா கூடுதலா வச்சுக்கறேன். அண்ணன்கிட்டச் சொல்லாதீங்க" என்றார்.

"யோவ், எனக்குத் தொண்டைதான் போச்சு. காது கேக்கும்" என்றார் இவர் உள்ளேயிருந்து, காற்றுக் குரலில்.

வெள்ளி செவ்வாய் விரதம் விடாத பொம்பளை.

அந்த வரியை இன்னொரு தடவை எழுதிப் பார்த்தேன்.

டிசம்பர் 24, புதன்

முப்பத்து மூன்று. ஒரு நாள்கூட விடவில்லை. முகமூடியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். சிஸ்டர், "முடிஞ்சதுன்னு நெனச்சுராதீங்க, அடுத்த வாரந்தான் தோல் ரொம்பப் படுத்தும்" என்றார். கரண்டு நின்ற பிறகும் அடியில் பட்ட அடி மேலே வந்துகொண்டிருக்குமாம். கெட்ட செய்தி சொல்லும்போதும் அந்தப் பெண் தலையை எவ்வளவு அழகாகச் சாய்க்கிறாள்.

டிசம்பர் 31, புதன்

சொன்ன மாதிரியே படுத்துகிறது. எடை ஐம்பத்தொன்று.

ஜனவரி 5, திங்கள்

புண் காய்ந்தது. அது இருந்த இடத்தில் வெளிறின புதுத்தோல், குழந்தையின் உள்ளங்கை மாதிரி. இன்றுமுதல் எண்ணெய் தொட்டு வைக்கலாம் என்று சிஸ்டர் போனில் சொன்னார். தொட்டு வைத்தேன். "கையா இது? ஆட்டுக்கல்லு" என்றார். ஆட்டுக்கல்லைத் தள்ளிவிடவில்லை.

ஜனவரி 12, திங்கள்

டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். பட்டாணி கண்ணுக்குத் தெரியவில்லையாம். முழுசாகச் சொல்ல மூன்று மாதம் போகணும் என்றார். போகட்டும். இப்போது கவலை எடைதான், இப்படியே சாப்பிடாமல் இருந்தால் குழாய் வைத்துப் புகட்ட வேண்டி வரும் என்றார். எதைக் கொடுத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்று இவர் இரண்டு வாய்க்கு மேல் தொடுவதில்லை.

வீட்டுக்கு வந்தால், அழகுமீனா அரவணைப் பாயச டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள், மலையிலிருந்து. இவருக்குத் தெரியாமல் அலமாரியில் வைக்கலாம் என்று பார்த்தேன். கையை நீட்டினார்.

டப்பாவைத் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒட்டியிருந்த தாளில் சேர்மானப் பட்டியலைப் படித்தார். குரல் இன்னும் தகரம்தான், ஆனால் காற்று இல்லை, குரல்.

"அரிசி. வெல்லம். நெய். ஏலக்காய்." பட்டியலை முழுக்கத் தேடினார். "சாமின்னு எங்கயும் போடலியே பூரணம்."

"போடலீங்க."

"அப்பச் சரி. ஸ்பூன் குடு."

கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இரண்டு வாயோடு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். மூன்றாவது கேட்டது. நாலாவது. அப்புறம் ஸ்பூன் டப்பாவின் அடித்தகரத்தில் உரசுகிற சத்தம், விடாமல்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவார்.